களிமண் மாதிரியும் கண்ணாடியிழை வாகன உடலும்

களிமண்ணால் ஒரு பொருளின் முழு உருவத்தைச் செய்து, அதன்மேல் அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் கண்ணாடியிழையையும் பிசினையும் படியவைத்து வாகன உடற்பகுதிகளை உருவாக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உருவானது. பெரிய அழுத்து எந்திரங்கள் இல்லாத ஊர்களிலும் வாகன உடல் செய்யலாம் என்ற நிலையை உண்டாக்கியது இந்த முறைதான். தமிழகத்தில் பந்தயக் கார், பேருந்து முகப்பு, மீன்பிடிப் படகு என்று பல பொருள்கள் இவ்வழியில் உருவாகின்றன. பட்டறைகளில் இதனைச் சுருக்கமாக ‘ஃபைபர் வேலை’ என்பார்கள். இக்கட்டுரை அம்முறையின் வரலாற்றையும் செய்முறையையும் கூறி, போடிநாயக்கனூர் போன்ற மலையடிவார ஊருக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை ஆராய்கிறது.

ஏலமலைச் சரிவும் வண்டிகளும்

தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் இங்கும் கேரளத்தின் புற்றடியிலும் நடைபெறுகிறது. ஊரின் மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளில் நிழல் மரங்களுக்கு அடியில் ஏலச் செடிகள் வளர்கின்றன. தோட்டங்களில் பெரும்பகுதி இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. வேலைக்குச் செல்வோரில் பெரும்பாலோர் போடி, தேவாரம், கம்பம், கூடலூர் பகுதிகளைச் சேர்ந்தவர்கள்.

அதிகாலையில் இத்தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளிச் சாலைகளில் ஏறுபவை ஜீப்புகள். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பிறகு தோட்டத்தின் மண்பாதையிலும் கல்பாதையிலும் அவை ஓட வேண்டும். மேலே மழை, மூடுபனி, ஈரக்காற்று. கீழே வெயில், புழுதி. ஒரே நாளில் இரண்டு தட்பவெப்ப நிலைகளையும் இவ்வண்டிகள் சந்திக்கின்றன. இதனால் இரும்புத் தகட்டின் மடிப்புகளிலும் மட்கார்டின் அடியிலும் துரு விரைவில் ஏறுகிறது. டிங்கரிங் பட்டறையில் துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசித் தேய்ப்பது ஆண்டுதோறும் வரும் செலவு. தயாரிப்பு நின்றுபோன பழைய மாதிரி வண்டி என்றால், உரிய உதிரிப் பகுதி கிடைப்பதும் அரிது.

துருப்பிடிக்காத, எடை குறைந்த, சில பத்து எண்ணிக்கையில் மட்டும் செய்தாலும் கட்டுப்படியாகக்கூடிய ஒரு பொருள் இத்தகைய ஊருக்குத் தேவை. கண்ணாடியிழை அத்தேவையில் ஒரு பகுதியை நிறைவு செய்யும். அந்தப் பகுதி எது, அதன் எல்லை எது என்பதை அறிய இத்தொழில்நுட்பம் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

அச்சு என்னும் பழைய அறிவு

அச்சின் தத்துவம் தமிழர் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. கொழுக்கட்டை அச்சின் உட்புறத்தில் எண்ணெய் தடவி, மாவை அழுத்தி, பூரணம் வைத்து மூடித் திறந்தால் ஒரே வடிவக் கொழுக்கட்டைகள் வரிசையாக வருகின்றன. இதில் மூன்று பாடங்கள் உள்ளன. அச்சின் உட்புறமே பொருளின் வெளிப்புறம் ஆகிறது. ஒட்டாமல் எடுக்க இடையில் ஒரு பூச்சு வேண்டும். உருண்டு திரண்ட பொருளை ஒரே துண்டு அச்சிலிருந்து எடுக்க முடியாது. அச்சு இரண்டாகத் திறக்க வேண்டும். கார் உடலுக்கும் இதே மூன்று விதிகள்தான்.

சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் பின்பற்றும் மெழுகு அச்சு முறை வேறு வகையானது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்த கலவையில் சிலையின் உருவை முதலில் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் மென்மையான வண்டல் மண்ணைப் பல அடுக்குகளாகப் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். உலோகம் ஆறியபின் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். மெழுகு உருவும் போயிற்று, அச்சும் போயிற்று. ஆகவே ஒவ்வொரு சிலையும் தனித்தன்மை உடையது.

ஊர் எல்லைகளில் நிற்கும் ஐயனார் கோயில் மண் குதிரைகளில் அச்சுக்கு முதலிடம் இல்லை. வேளார் மண்ணைத் திரித்து வளைத்து அடுக்கி, உள்ளே கூடாக இருக்கும்படி கையாலேயே உருவை எழுப்பிச் சுடுகிறார். அங்கே களிமண்ணே இறுதிப் பொருள்.

கண்ணாடியிழை முறையில் நிலைமை தலைகீழ். களிமண் உரு அழிகிறது; அச்சு நிலைக்கிறது; அதிலிருந்து பத்து, ஐம்பது, நூறு பிரதிகள் பிறக்கின்றன. மூல உருவைச் செய்தவரின் கைத்திறன் முழுவதும் அச்சுக்குள் தங்கிவிடுகிறது. அவருடைய பிழையும் அப்படியே தங்கிவிடுகிறது.

களிமண் கார் ஆலைக்குள் வந்த கதை

தொடக்க காலக் கார்களின் உடலைக் குதிரை வண்டி செய்தவர்களே செய்தார்கள். மரச்சட்டத்தின்மேல் தகடு அடித்துப் பொருத்துவது வழக்கம். வளைவுகள் குறைவு, பெட்டி வடிவம் அதிகம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1927-ஆம் ஆண்டு கார்களின் தோற்றத்துக்கென்றே தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, ஹார்லி எர்ல் என்பவரை அதற்குத் தலைவராக்கியது. லாஸ் ஏஞ்சலிஸில் திரைப்பட நடிகர்களுக்குத் தனிப்பட்ட கார் உடல்கள் வடிவமைத்த அவர், களிமண்ணில் முழு உருவம் செய்து பார்க்கும் வழக்கத்தைப் பெரிய ஆலைக்குள் கொண்டுவந்தார். களிமண்ணில் கத்தியால் ஒரு சீவு சீவினால் வளைவு மாறும். பிடிக்காவிட்டால் மீண்டும் அப்பிக்கொள்ளலாம். மரமும் தகடும் தராத இந்தச் சுதந்திரம் கார்களின் தோற்றத்தையே மாற்றியது.

இதற்குப் பயன்படுவது குயவர் மண் அல்ல. குயவர் மண்ணில் நீர் உண்டு. அது காயும்போது சுருங்கும், வெடிக்கும். வாரக்கணக்கில் வேலை செய்ய வேண்டிய உருவுக்கு அது ஒத்துவராது. இங்கிலாந்தின் பாத் நகரில் ஓவிய ஆசிரியராக இருந்த வில்லியம் ஹார்பட், தம் மாணவர்களுக்காகக் காயாத களிமண் ஒன்றை 1897-இல் உருவாக்கினார். அதுவே பிளாஸ்டிசின். கார் ஆலைகளின் களிமண்ணும் இவ்வகையைச் சேர்ந்ததே: நீருக்குப் பதில் மெழுகும் எண்ணெயும் கலந்தது. ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இளகும். அறை வெப்பத்தில் சீவுவதற்கு ஏற்றபடி இறுகும். கணினி வரைபடங்கள் பெருகிய இந்நாளிலும் பெரிய கார் நிறுவனங்கள் களிமண் மாதிரியை முற்றிலும் கைவிடவில்லை. ஒளி ஒரு வளைவின்மேல் எப்படி வழிந்து செல்கிறது என்பதை உண்மையான பொருளில் பார்ப்பதற்கு ஈடில்லை என்பதே காரணம்.

கண்ணாடி நூலான கதை

கண்ணாடியை நூலாக இழுக்கலாம் என்பது பழைய செய்தி. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் கண்ணாடி இழை சேர்த்து நெய்த ஆடை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. ஆனால் மலிவாகவும் மிகுதியாகவும் இழை செய்யும் வழி 1930-களில்தான் கிடைத்தது. 1932-இல் ஓவன்ஸ்-இல்லினாய்ஸ் நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்டும் முயற்சியில் இருந்தபோது, உருகிய கண்ணாடிமேல் காற்று வேகமாகப் பாய்ந்து மெல்லிய இழைகள் உண்டாயின. கேம்ஸ் ஸ்லேட்டர் அதனை ஒரு தொழில்முறையாக வளர்த்தார். 1938-இல் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் உருவாயிற்று.

இழை மட்டும் இருந்தால் அது பஞ்சுதான். அதனை இறுக்கிப் பிடிக்க ஒரு பிசின் வேண்டும். பாலியெஸ்டர் பிசின் அப்பணியைச் செய்தது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் அலைகளைத் தடுக்காத மூடிகள் செய்ய இக்கூட்டுப் பொருள் பயன்பட்டது. போர் முடிந்தபின் அது படகுக்கும் காருக்கும் வந்தது.

1953 ஜனவரியில் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்ட செவ்ரலே கார்வெட், அதே ஆண்டு ஜூன் 30 அன்று உற்பத்திக்கு வந்தது. அதன் உடல் முழுவதும் கண்ணாடியிழை. அவ்வாண்டு செய்யப்பட்டவை 300 கார்கள் மட்டுமே. எஃகுத் தகட்டை அழுத்தும் அச்சுகளைச் செய்ய நீண்ட காலமும் பெருஞ்செலவும் ஆகும். 300 காருக்காக அதைச் செய்வது கட்டாது. கண்ணாடியிழை அந்தத் தடையைத் தாண்ட உதவியது. ஆலைக்கு மட்டுமன்றித் தெருப் பட்டறைக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

அழுத்து எந்திரத்தின் எஃகு அச்சு மிக விலை உயர்ந்தது, ஆனால் ஒரு பகுதியைச் சில நொடிகளில் தரும். கண்ணாடியிழை அச்சின் விலை குறைவு, ஆனால் ஒரு பகுதி செய்ய மணிக்கணக்கில் ஆகும். லட்சம் கார் வேண்டுமென்றால் முதலாவது மலிவு. நூறு வேண்டுமென்றால் இரண்டாவதே மலிவு.

செய்முறை

முதலில் கூடு. மரச்சட்டம், கம்பி வலை, தெர்மாகோல் முதலியவற்றால் உருவத்தின் பரும வடிவத்தைச் சற்றுச் சிறியதாகக் கட்டுகிறார்கள். அதன்மேல் சூடாக்கி இளக்கிய களிமண்ணைச் சில சென்டிமீட்டர் கனத்துக்கு அப்புகிறார்கள். வரைபடத்தின்படி வெட்டிய அட்டை அல்லது தகட்டு வார்ப்புருக்களை வைத்து வளைவுகளைச் சரிபார்த்துச் சீவுகிறார்கள். வண்டியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பதால், நடுக்கோட்டிலிருந்து அளவு எடுத்து இரு பக்கமும் ஒப்பிடுவது முக்கியம். சிறு பட்டறைகளில் களிமண்ணுக்குப் பதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், மரம், பட்டி ஆகியவற்றாலும் மூல உருச் செய்வதுண்டு. உடையாத பழைய பகுதி ஒன்று கிடைத்தால் அதையே மூல உருவாகக் கொள்வதும் உண்டு. தெர்மாகோல்மேல் பாலியெஸ்டர் பிசின் நேரடியாகப் பட்டால் அது கரைந்துவிடும் என்பதைப் பலர் ஒரு முறை இழந்த பிறகே அறிகிறார்கள்.

அடுத்தது பிரிகோடு. அச்சு எங்கே பிரிய வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். பக்கச் சுவர்கள் வாய்ப்புறம் நோக்கிச் சற்று விரிந்திருந்தால்தான் பொருள் வெளியே வரும். வாளியும் டம்ளரும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கி மீண்டும் வெளிவருவது இந்தச் சரிவால்தான். உள்நோக்கி வளையும் இடம் இருந்தால் அங்கே அச்சு இரண்டு அல்லது மூன்று துண்டாக வேண்டும். துண்டுகளின் ஓரத்தில் போல்ட் போட்டு இணைப்பதற்கு விளிம்பு விடுவார்கள்.

மூன்றாவது மேற்பரப்பு. களிமண்மேல் அரக்குப் பூச்சோ வண்ணப் பூச்சோ அடித்து நுண்துளைகளை அடைக்கிறார்கள். அதன்மேல் மெழுகு பல முறை தேய்த்துத் துடைக்கப்படுகிறது. பிறகு நீரில் கரையும் ஒரு மெல்லிய படலத்தைப் பூசுகிறார்கள். கொழுக்கட்டை அச்சில் எண்ணெய் செய்யும் வேலையை இங்கே மெழுகும் படலமும் செய்கின்றன. இந்தக் கட்டத்தில் விடுபட்ட ஒரு விரல் ரேகைகூட அச்சில் பதியும்.

நான்காவது அச்சு எடுத்தல். ஜெல்கோட் எனப்படும் கெட்டியான பிசினை ஏறத்தாழ அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் கனத்தில் பூசி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதன்மேல் முதலில் மெல்லிய இழைத்தாள், பிறகு நறுக்கிய இழைகளால் ஆன மேட் ஆகியவற்றை வைத்துப் பிசினால் நனைத்து, உருளையால் காற்றை வெளியேற்றுகிறார்கள். அச்சு, பொருளைப்போல் இரண்டு மூன்று மடங்கு கனமாக இருக்க வேண்டும். ஒரே நாளில் எல்லா அடுக்கையும் போட்டால் சூடு ஏறி அச்சு முறுக்கிக்கொள்ளும். எனவே நாள் இடைவெளி விட்டு அடுக்குகள் போடுவதே முறை. முதுகில் மரத்தாலோ இரும்புக் குழாயாலோ சட்டம் பொருத்திச் சில நாள் அப்படியே விட்டபின் ஆப்பு வைத்துப் பிரிக்கிறார்கள். களிமண் பெரும்பாலும் சிதைந்தே வெளிவரும். அச்சின் உட்புறத்தை நீர் விட்டு உப்புத்தாளால் நுண்மையாகத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அச்சு தயார்.

ஐந்தாவது பொருள் எடுத்தல். அச்சுக்குள் மெழுகு, வண்ணம் கலந்த ஜெல்கோட், அதன்மேல் மேட், பிசின். ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் மூன்று அடுக்கு போட்டால் 1,350 கிராம் இழை ஆகும். பிசின் அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு, அதாவது ஏறத்தாழ 3 கிலோ. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம் வரும். எடை சுமார் நாலரை கிலோ. ஒரு மில்லிமீட்டர் கன எஃகுத் தகடு அதே பரப்பில் 7.8 கிலோ எடை உள்ளது. எடை குறைவு என்று சொல்வதன் கணக்கு இதுதான்.

தமிழகமும் தென்னிந்தியாவும்

இந்தியாவில் கார் தயாரிக்க உரிமமும் பெருமுதலும் வேண்டியிருந்த காலத்தில், பெங்களூருவில் 1970-களில் பாதல் என்ற மூன்று சக்கரக் கார் கண்ணாடியிழை உடலுடன் வெளிவந்தது. அதே நிறுவனம் சிபானி என்ற பெயரில் 1982-இல் டால்பின் என்ற சிறு காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை அடிப்படையாகக் கொண்ட அதன் உடலும் கண்ணாடியிழையே. எடை குறைவு என்பதால் ராலிகளிலும் பந்தயங்களிலும் அதனை விரும்பியவர்கள் இருந்தார்கள். ஆனால் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எஃகு உடலை எந்திரம் அழுத்தித் தள்ளும் வேகத்துக்கு முன் கையால் மேட் போடும் முறை நிற்க முடியவில்லை. மேலே சொன்ன கணக்கின் மறுபக்கம் இது.

அதே மாருதி எந்திரத்தைக் கொண்டே கண்ணாடியிழைக்கு உரிய இடத்தைக் கண்டவர் கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன். ஜவுளித் தொழில் குடும்பத்தில் பிறந்த அவர் பந்தய வீரராகவும் வடிவமைப்பாளராகவும் விளங்கினார். வெளிநாட்டுப் பந்தயக் கார்களை வாங்க இந்திய இளைஞர்களால் இயலாது என்ற நிலையில், மாருதி 800-இன் எந்திரத்தை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை 1980-களின் இறுதியில் உருவாக்கினார். அதுவே ஃபார்முலா மாருதி. எஃகுக் குழாய்களால் ஆன சட்டமே சுமை தாங்கியது. மேலே போர்த்திய கண்ணாடியிழை தோல் மட்டுமே. ஓர் அச்சிலிருந்து ஒரே மாதிரியான பல உடல்களை எடுக்க முடிந்தது. பந்தயத்தில் ஒரு மூக்குப் பகுதி உடைந்தால் மற்றொன்றைப் பொருத்த முடிந்தது.

கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் உயிரிழந்தார். ஆனால் அவர் தொடங்கிவைத்த மலிவான பந்தயம் நின்றுவிடவில்லை. திருப்பெரும்புதூர்ப் பந்தயத் தளத்தில் ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவை இளைஞர் நாராயண் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் ‘கரி’ என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

கடற்கரையில் இத்தொழில்நுட்பம் இன்னும் பரவலாகச் சென்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கட்டுமரங்களையும் வள்ளங்களையும் இழந்த மீனவர்களுக்கு மாற்றாகப் பெருமளவில் வழங்கப்பட்டவை கண்ணாடியிழைப் படகுகள். ஒரு நல்ல படகின்மேல் எடுத்த அச்சு பல கிராமங்களுக்குப் படகு தந்தது. அவசரத்தில் செய்த படகுகளின் தரம் குறித்துக் கேள்விகளும் எழுந்தன. பிசின் குறைந்தாலும் கூடினாலும், காற்றுக் குமிழி தங்கினாலும், வெளியே பளபளக்கும் படகு உள்ளே பலவீனமாக இருக்கும். கரூரில் கட்டப்படும் பேருந்துகளின் முன்முகப்பிலும் பின்முகப்பிலும் இன்று இதே பொருள்தான் அழகு சேர்க்கிறது.

அச்சே சொத்து

இத்துறையில் உண்மையான முதல், கொட்டகையின் மூலையில் கவிழ்த்து வைத்திருக்கும் அச்சுகள்தான். களிமண் உரு அழிந்துவிட்டதால், அச்சு உடைந்தால் அந்த வடிவமே உலகில் இல்லாமல் போகும். எஞ்சிய ஒரு பொருளின்மேல் மறுபடி அச்சு எடுக்கலாம். ஆனால் பிசின் இறுகும்போது சிறிது சுருங்கும் இயல்புடையது. பிரதியிலிருந்து பிரதி எடுக்க எடுக்க அளவும் கூர்மையும் குறைந்துகொண்டே வரும். நகலெடுத்த தாளை மீண்டும் மீண்டும் நகலெடுப்பது போன்றது இது. எனவே அனுபவம் உள்ளவர்கள் முதல் அச்சிலிருந்து ஒரு தலைப்பிரதியைக் கனமாக எடுத்துத் தனியே வைத்துக்கொள்வார்கள். வேலை செய்யும் அச்சு பழுதானால் அந்தத் தலைப்பிரதி மறு உயிர் கொடுக்கும்.

அச்சை வெயிலில் போடுவது, அதன்மேல் பொருள்களை அடுக்குவது, தாங்கு சட்டம் இல்லாமல் சாய்த்து வைப்பது ஆகியவை அச்சை முறுக்கிவிடும். முறுக்கிய அச்சில் வரும் எல்லாப் பகுதிகளும் வண்டியில் பொருந்தாமல் இடைவெளி காட்டும்.

உடலுக்கும் உயிருக்கும் உள்ள ஆபத்துகள்

இவ்வேலையில் மூன்று ஆபத்துகளை எவரும் அறிந்திருக்க வேண்டும். முதலாவது ஸ்டைரீன் ஆவி. பாலியெஸ்டர் பிசினின் நெடி இதுவே. மூடிய அறையில் இதனை நாள்தோறும் சுவாசிப்பது தலைவலியில் தொடங்கி நரம்பு மண்டலம்வரை பாதிக்கும். கைக்குட்டை கட்டுவது இதற்குத் தடுப்பாகாது; கரித்துகள் வடிகட்டி உள்ள முகமூடியும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். இரண்டாவது, அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் கண்ணாடித் தூள். தோலில் அரிப்பும் நுரையீரலுக்குத் தீங்கும் தருவது. நீர் விட்டுத் தேய்த்தால் தூள் குறையும்.

மூன்றாவது தீ. பிசினை இறுகச் செய்ய ஹார்ட்னர் எனப்படும் பெராக்சைடு திரவம் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு சேர்க்கப்படுகிறது. அதனை விரைவுபடுத்தக் கோபால்ட் என்ற ஊதா நிறத் திரவம் சேர்க்கப்படுகிறது. இவ்விரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை முதலில் பிசினில் முழுமையாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். இரண்டு புட்டிகளையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம் என்பதால் கண்ணாடி அணிவதும் கட்டாயம்.

கழிவும் ஒரு சிக்கல். இறுகிய பிசினை மீண்டும் உருக்க முடியாது. இரும்புத் துண்டைப் பழைய இரும்புக் கடையில் போடலாம். ஃபைபர் துண்டை வாங்க ஆள் இல்லை. மலைச்சரிவின் ஓடையில் அது போய்ச் சேர்ந்தால் அங்கேயே கிடக்கும்.

போடிச் சரிவுக்கு எது பொருந்தும்

பிசின் இறுகுவதற்கு வெப்பமும் உலர்ந்த காற்றும் வேண்டும். வெப்பநிலை 15 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அது சரியாக இறுகுவதில்லை. ஈரம் குடித்த மேட்டில் பிசின் நன்கு பிடிக்காது; வெண்படலம் தோன்றும். ஆகவே மழைக்காலத்தில் தோட்டத்துக் கொட்டகையில் இவ்வேலையைச் செய்வதைவிட, அடிவாரத்து வெயிலில் போடியிலோ தேனியிலோ செய்து மேலே கொண்டுபோவதே அறிவுடையது. கோடை நண்பகலில் எதிர்மாறான தொல்லை: பிசின் கிண்ணத்திலேயே இறுகிவிடும். அப்போது ஹார்ட்னரைக் குறைத்து, காலையிலும் மாலையிலும் வேலை செய்ய வேண்டும்.

மட்கார்டு, பானெட்டின் மேல்மூடி, கருவிப்பலகை, மழைநீர் தடுப்பு, தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி, மருந்தடிக்கும் எந்திரத்தின் மூடி ஆகியவை கண்ணாடியிழைக்கு ஏற்றவை. அவை துருப்பிடிக்காது, உடைந்தால் உடைந்த இடத்தைத் தேய்த்து, பின்புறம் மேட் போட்டுச் சேர்த்துவிடலாம். ஒரு மாதிரிக்குப் பத்து இருபது மட்டுமே தேவைப்படும் இடம் என்பதால் செலவுக் கணக்கும் ஒத்துவரும்.

ஆனால் கூரை வேறு செய்தி. மலைச்சாலையில் ஜீப் கவிழ்ந்தால் உள்ளிருப்போரைக் காப்பது எஃகுச் சட்டம் மட்டுமே. மூன்று மில்லிமீட்டர் ஃபைபர் கூரை மழையைத் தடுக்கும். வண்டியின் எடையைத் தாங்காது. தார்ப்பாயை எடுத்துவிட்டுப் பளபளப்பான கூரை போட்டதும் வண்டி பாதுகாப்பானதாகிவிட்டது என்று எண்ணி இன்னும் நான்கு பேரை ஏற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். ஃபார்முலா மாருதி தரும் பாடமும் இதுவே: சுமைக்கு எஃகு, போர்வைக்குக் கண்ணாடியிழை. மேலும், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும் அளவுக்கு வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. தேய்ந்த பகுதிக்கு அதே வடிவ மாற்றுப் பகுதி பொருத்துவது வேறு. வண்டியின் உடலையே மாற்றுவது வேறு.

தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிலும் மாணவர்க்கு இது எட்டக்கூடிய தொழில். ஒரு மட்கார்டுக்கான களிமண் உருவில் தொடங்கலாம். அளவெடுத்தல், சமச்சீர், விகிதம், வேதிவினை, எடைக் கணக்கு என்று பள்ளியில் தனித்தனியே படித்தவை அனைத்தும் அந்த ஒரு பகுதியில் ஒன்றுசேரும். உருவைச் சீவும்போது செலவிடும் கூடுதல் ஒரு நாள், பின்னர் எடுக்கும் ஒவ்வொரு பிரதியிலும் பட்டி பூசித் தேய்க்கும் வேலையைக் குறைக்கும்.